ஏழு கறியை எண்ணத் தெரியாதவன்

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "என் பேர்." அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பேர் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. காகிதத்தில் எதையோ சுருட்டிக் கையில் கொடுத்தார், காசை வாங்கிப் போட்டுக்கொண்டார், அடுத்த ஆளைப் பார்த்தார். அடுத்த ஆளும் "என் பேர்" என்றார்.

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து இறங்கிய முதல் சனிக்கிழமை அது. ரோஸ்ஹில்லில் ஒரு தள்ளுவண்டிக் கடை. ஊரில் எனக்குக் கிடைத்த தகவல் "அங்கே நிறையத் தமிழர்கள் இருக்கிறார்கள்" என்பது மட்டுமே. பரவாயில்லையே, வண்டிக் கடையிலேயே தமிழ் புழங்குகிறதே என்று மார்பு விரிந்தது. என் முறை வந்தபோது நானும் கம்பீரமாக "என் பேர்" என்றேன். சொந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு "எக் பிமா?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று. 'ஏக்' என்றால் ஒன்று. கரண்டியில் இருப்பது மிளகாய் என்று கண்ணுக்கே தெரிகிறது. ஒரு கரண்டி போதுமா என்று கேட்கிறார் போல. மயிலாடுதுறைக்காரனுக்கு ஒரு கரண்டி எந்த மூலைக்கு? இரண்டு விரலைக் காட்டினேன். அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார், பிறகு இரண்டு கரண்டி போட்டார்.

இந்தத் தீவு பேசும் கிரியோல் மொழியில் 'என்' என்றால் ஒன்று, 'பேர்' என்றால் ஜோடி. தால்பூரியை இங்கே ஜோடி ஜோடியாகத்தான் விற்பார்கள். 'எக்' என்றால் 'உடன்'. மிளகாய் சேர்க்கட்டுமா, வேண்டாமா என்பதுதான் அவர் கேட்டது. இதெல்லாம் தெரிய வருவதற்கு முன்பே நான் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தேன். அந்த ஊர் மிளகாயைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பை இங்கே போட முடியாது.

ஆனால் அழுதுகொண்டேயும் முழுதாகச் சாப்பிட்டேன், அதையும் சொல்லியாக வேண்டும். கடலைப்பருப்பை வேகவைத்து, பொடித்து, மாவுக்குள் அடைத்து, கைக்குட்டை மாதிரி மெல்லியதாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுக்கிறார்கள். நம் ஊர் பருப்புப் போளி வெல்லத்தோடு சண்டை போட்டுக்கொண்டு தனியே வந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் மேல் வெள்ளை மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற ருகாய், கொத்தமல்லிச் சட்னி. பீகாரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் இது. இன்றைக்கு எந்த இனத்தார், எந்த மதத்தார் என்று பார்க்காமல் தீவே நின்றுகொண்டு தின்கிறது. ரோஸ்ஹில்லில் 'தேவா' என்ற கடைக்கு இதில் பெரிய பேர். மதிய நேரத்தில் போனால் வரிசையைப் பார்த்தே பாதிப் பசி அடங்கிவிடும்.

அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டேன், எங்கே, மறுபடி போவேனா என்று மூன்று கட்டங்கள். நட்சத்திரம் கிடையாது, பத்துக்கு எத்தனை என்ற மார்க்கும் கிடையாது. மறுபடி போவேனா, மாட்டேனா, அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. எபேன் என்ற இடத்தில் கணினி முன்னால் உட்கார்வது வயிற்றுப் பாட்டுக்கு. மீதி நேரமும் வயிற்றுக்குத்தான் போகிறது.

முதல் ஆறு மாதம் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். தோசை தேடி அலைந்தேன். கடலோரத்தில் ஓர் உணவகத்தில் 'தென்னிந்திய உணவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். தோசையை முக்கோணமாக மடித்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, முள்கரண்டியும் கத்தியுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். சாம்பாரில் இனிப்பு. அதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டதற்குப் பில்லில் தனியாகக் காசு போட்டிருந்தார்கள். சாம்பாருக்குக் காசு! கட்டத்தில் 'மாட்டேன்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தேன். அப்புறம் நிதானமாக யோசித்தபோது அந்தக் கடையின் மேல் பெரிதாகக் குற்றம் தெரியவில்லை. அது வெயில் காய வரும் சுற்றுலாக்காரர்களுக்காக வைத்த கடை. அங்கே போய் மாயவரத்தைத் தேடியவன் நான்தான்.

தேட வேண்டிய இடம் போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை என்று சொன்னவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் தமிழாசிரியர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர். வீட்டில் பேசுவது கிரியோல், செய்தித்தாள் படிப்பது பிரெஞ்சு, தமிழ் பேசினால் அச்சில் வார்த்த தமிழ். முதல் சந்திப்பிலேயே "தாங்கள் சிற்றுண்டி அருந்தினீர்களா?" என்று கேட்டு என்னைத் திணற வைத்தவர். "ஆச்சுங்க ஐயா" என்றேன். 'ஆச்சு' அவருக்குப் புரியவில்லை. இன்றுவரை எங்கள் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. நான் ஒரு படி மேலே ஏறுவேன், அவர் ஒரு படி கீழே இறங்குவார், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம்.

அந்தச் சந்தையின் காய்கறிப் பகுதிக்குள் முதல் தடவை நுழைந்தபோது கிடைத்ததை எந்த உணவகமும் எனக்குத் தந்ததில்லை. ஒரு கடையில் கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி. கடைக்காரப் பெண் சீனச் சாயல் முகம். "கோத்தோமிலி, கோத்தோமிலி" என்று கூவுகிறாள். பக்கத்துக் கடையில் கறிவேப்பிலை. அதன் பெயர் 'கரிபுலே'. பீர்க்கங்காயைக் காட்டி என்ன என்று கேட்டேன், 'பிப்பாங்காய்' என்றார்கள். முருங்கைக்கீரை 'ப்ரேத் முரும்'. சொன்னவர்களில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. அது தமிழ்ச் சொல் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது கிரியோல், அவ்வளவுதான். கால் கிலோ பிப்பாங்காய் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் சும்மாவே அங்கே நின்றேன்.

கொத்தமல்லிக்குக் காசு கொடுக்க நூறு ரூபாய் நோட்டை நீட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர். தொகை தமிழ் எழுத்திலும் அச்சாகியிருக்கிறது. 1998-ல் புதிதாக அடித்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ந்தெழுந்ததில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கொத்தமல்லிக்காரி நோட்டைப் படித்துப் பார்க்கவில்லை. ஈரக் கையால் வாங்கி இடுப்புப் பையில் செருகிக்கொண்டாள்.

சந்தைக்குப் போனால் பிள்ளை கடையில் அலுதா குடிக்காமல் திரும்பக் கூடாது. பாலில் சப்ஜா விதை, கடற்பாசித் துருவல், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். நம் ஃபலூடாவின் ஒன்றுவிட்ட தம்பி. இனிப்பு ஒரு பிடி அதிகம்தான், ஆனால் போர்ட் லூயிஸ் மதிய வெயிலில் அதைப் பற்றிப் புகார் சொல்ல நாக்கு எழாது.

காலைச் சாப்பாட்டுக்கு நான் வாக்குப் போடுவது காத்தோ பிமாவுக்கு. நேர்ப்பொருள் மிளகாய் கேக். கண்ணால் பார்த்தால் பருப்பு வடை, தட்டையாக்காமல் உருண்டையாகவே விட்டது. அதை ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நான்கைந்தை உள்ளே வைத்து அமுக்கிக் கொடுப்பார்கள். வடைக்கு வெண்ணெயா என்று முதலில் முகம் சுளித்தேன். சூடான வடை வெண்ணெயை உருக்கி, அந்த வெண்ணெய் ரொட்டிக்குள் இறங்கி, நடுவில் மிளகாய் நறுக்கென்று கடிபட்டால் தெரியும் சங்கதி. வடை தமிழ், ரொட்டி பிரெஞ்சு என்று நான் ஆசிரியரிடம் ஆராய்ச்சி நடத்தியபோது, "ஆறிப்போகும், உண்ணுங்கள்" என்றார்.

விழாக்கள் என்று எடுத்தால் இந்தத் தீவில் அதற்குப் பஞ்சமே இல்லை. சீனர் தெருவில் வருடா வருடம் உணவுத் திருவிழா நடக்கும். ராயல் சாலையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். சூசூக்காய், அதாவது நம் சௌசௌ, போட்டு உருட்டிய நியுக் யேன் உருண்டைகளை, தண்ணீர் மாதிரியான சூப்பில் மிதக்கவிட்டு, பூண்டுத் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். இன்னொரு பக்கம் 'போல் ரான்வெர்சே', அதாவது கவிழ்த்த கிண்ணம். கிண்ணத்தின் அடியில் முழுதாகப் பொரித்த முட்டை, அதன் மேல் கறி, அதன் மேல் சோறு. தட்டில் கவிழ்த்தால் முட்டை தலைப்பாகை கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டு கட்டத்திலும் 'போவேன்'. கிழக்குக் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதியில் பெர்னார் லுவாசோ என்ற பிரெஞ்சுச் சமையல் கலைஞர் பெயரில் 2006-ல் தொடங்கிய சமையல் விழா ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் மிச்லன் நட்சத்திரம் வாங்கிய சமையல்காரர்கள் வந்து உள்ளூர்ச் சமையல்காரர்களோடு ஜோடி சேர்ந்து சமைப்பார்கள். அதைப் பற்றிப் படித்ததோடு சரி. என் சம்பளமும் அந்த விழாவும் இன்னும் அறிமுகமாகவில்லை.

இத்தனை நோட்டு எழுதியும் என் அலுவலக நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "செத் காரி சாப்பிட்டாயா?" செத் என்றால் ஏழு. ஏழு கறி. எந்தக் கடையில் கிடைக்கும் என்றேன். கிரியோல் இனத்து நண்பன் ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீ தமிழன்தானே? உன் கோவிலுக்குப் போ." இங்கே எந்த மொழி பேசுகிறவரும் தமிழர் ஆலயத்தைக் 'கோவில்' என்றே சொல்வார்கள்.

தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. காத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைச் சரிவில் இருக்கிறது முருகன் கோவில். ஆசிரியர் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பவர். முந்தின நாள் மாலையே என்னைக் கூட்டிப் போய்ச் சமையல் கொட்டகையில் விட்டுவிட்டார். "தங்கள் ஆர்வம் உணவில்தானே" என்று ஒரு குத்தல் வேறு.

கையில் கத்தியைக் கொடுத்துப் பூசணிக்காய் மலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எதிரே ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் பள்ளி மாணவர்கள், கொஞ்சம் தள்ளிப் பலாக்காய் வெட்டும் குழு. அவர்கள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள், பால் பிசுக்கு ஒட்டாமல் இருக்க. என் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். நான் வாழைக்காயை வட்டமாக நறுக்க ஆரம்பித்தேன். ஓர் அம்மாள் வந்து கத்தியை வாங்கி, நீளவாக்கில் நறுக்கிக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். இரவு பதினொரு மணிக்கு என் கட்டை விரலில் கொப்புளம். நோட்டை வெளியே எடுக்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காவடிகள் மலையேறி முடிந்த பிறகு பந்தி. வாழை இலை, சோறு, பிறகு வாளி வாளியாக வரத் தொடங்கியது. ஆசிரியர் நாக்கில் வேல் குத்தி எடுத்த களைப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச வைப்பது பாவம். ஆனாலும் எனக்குக் கணக்கு வேண்டும். "வாழைக்காய் ஒன்று, பலாக்காய் இரண்டு, பூசணி மூன்று, கத்தரிக்காயும் உருளையும் நான்கு, சூசூ ஐந்து, கீரை ஆறு. ஏழாவது எது ஐயா?" அவர் பருப்பைக் காட்டினார். எதிர் வரிசைப் பேருந்து ஓட்டுநர் தலையை ஆட்டினார். பருப்பு கறியில் சேராதாம், ஏழாவது ரசோன்தான். ரசோன் என்றால் நம் ரசம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ரசோன் குடிக்கிற சமாச்சாரம், சட்னியைத்தான் எண்ண வேண்டும் என்றார். ஒரு பெண் பாயசம் என்றாள், உடனே நாலு பேர் சிரித்தார்கள். என் இலையில் நான் எண்ணியபோது ஒன்பது இருந்தது. வாளி தூக்கி வந்த பையனுக்கு எங்கள் வழக்கைத் தீர்த்துவைக்க நேரமில்லை. "ப்ளிஸ் பலாக்காய்?" என்றான். ப்ளிஸ் என்றால் இன்னும். அந்தச் சொல்லை மட்டும் நான் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

சுவையைச் சொல்ல வேண்டும் அல்லவா? பூசணிக் கறி குழையக் குழைய, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தது. கொஞ்சம் இனிப்பு, ஆனால் பூசணியின் இனிப்பு. பலாக்காய் கறியில் மசாலாப் பொடி தூக்கலாக, மொரீஷியஸ் பாணியில், கறிவேப்பிலை மணத்தோடு. வாழைக்காய் எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது. நீளவாக்கில் நறுக்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று இன்னும் நம்புகிறேன். என் கணக்குப்படி பந்தியில் பாதிப் பேர் தமிழர் இல்லை. அந்தக் கிரியோல் நண்பனும் வந்திருந்தான். என்னைவிட அழகாக இலையில் சாப்பிட்டான், ரசத்தை ஓடவிடாமல் சோற்றுக்கு நடுவில் குளம் கட்டி.

இந்தத் தமிழர்களில் ஒரு சாரார் 1735-ல் கவர்னராக வந்த லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து துறைமுகம் கட்ட வந்த கைவினைஞர்களின் வழி. மற்றவர்கள் 1834-க்குப் பிறகு கரும்புக்கு வந்தவர்கள். இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் போர்ட் லூயிஸில் இறங்கிய அந்தப் படிக்கட்டு, ஆப்ரவாசி காட், சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். வாளியை வாங்கிப் பரிமாறிய நேரத்தில் இதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டும்போதுதான் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஓர் உணவகத்தில் ஏழு கறி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். குழி குழியான தட்டில் கணக்காக ஏழு. உண்மையைச் சொன்னால் அந்தப் பலாக்காய் கோவில் பலாக்காயைவிட நன்றாகவே இருந்தது. வாழைக்காயும் அப்படித்தான். ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்ததே ஏதோ உறுத்தியது. எதிரே யாரும் இல்லை, சண்டை போட ஏழாவது கறியும் இல்லை. 'மறுபடி போவேனா' கட்டத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஆசிரியர் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அம்மா பேசுவது கிரியோல் மட்டும்தான். நான் அவரை அம்மா என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிடுவதைத் தவிர எங்களுக்குள் பொதுவான பேச்சு எதுவும் கிடையாது. எத்தனை நாள்தான் அவர்கள் கையால் சாப்பிடுவது என்று, அன்றைக்கு ரசம் நான் வைக்கிறேன் என்றேன். துவரம்பருப்புத் தண்ணீர், புளி, தக்காளி, மிளகு சீரகம், கடைசியில் நெய்யில் கடுகு. மாயவரத்தில் பெயர் வாங்கிய ரசம். அம்மா ஒரு வாய் குடித்தார். "லி போன்" என்றார். நன்றாக இருக்கிறது. பிறகு இன்னும் ஏதோ சொன்னார். ஆசிரியர் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"சுவை நன்று. ஆயினும் இது ரசோன் அன்று என்கிறார்."

அம்மா மெல்ல எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பின்னாலேயே நானும் போனேன். அங்கே கறுத்த எரிமலைக் கல்லில் ஓர் அம்மி. அதை 'ரோஸ் காரி' என்பார்கள், கறிக் கல். உரித்த பூண்டு ஒரு கை நிறைய, மிளகு, சீரகம், இரண்டு பச்சை மிளகாய் எல்லாவற்றையும் அதன் மேல் போட்டார். மேலே உருட்டும் கல்லுக்கு என்ன பெயர் என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"பாபா ரோஸ் காரி. பாபா என்றால் குழந்தை."

குழவி. எங்கள் வீட்டு அம்மிக்கும் மேலே கிடந்தது குழவிதான். குழவி என்றாலும் குழந்தைதான் என்று எனக்கு அந்த நிமிஷம் வரை உறைத்ததே இல்லை. ஆசிரியரிடம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், பிறகு அம்மாவிடம் கிரியோலில் வேகமாக ஏதோ சொன்னார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழவியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து அரைத்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டு, கல்லைக் காட்டினார்.

நான் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குழவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.